தாலியோடு ஒரு எக்ஸ்ரே

"எக்ஸ்ரேக்காகத் தாலியைக் கழட்டுவாளோ? தாலியோடதான் எடுப்பேன்னு ஒத்தைக் கால்ல நின்னேன்."

பக்கத்து வீட்டுக் கமலம் மாமி இப்படிச் சொன்னதை நம்பித்தான் ஷோபனா இந்தத் தேடலில் இறங்கினாள்.

ஜாதவ்பூரில் ஆராய்ச்சி வேலை. எக்ஸ்ரே பார்த்து நோயைச் சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும். நேர்காணலில் அவள் எழுதிய புரோகிராமைப் பார்த்துவிட்டு மேக்னா மேடம் கேட்டது ஒன்றுதான்: "உன் புரோகிராம் எங்கே தப்புப் பண்ணும்? நாளைக்குக் காட்டு, வேலை உனக்கு."

ஷோபனாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. இந்த ஊர் வங்காளப் பெண்களுக்குக் கல்யாண அடையாளம் கையில், சங்கு வளை. இந்த ஊர்ப் படங்களிலேயே பழகிய புரோகிராம் தாலியைக் கண்ணால் கண்டதில்லை. கண்டால் கட்டி என்றுதான் உளறும். நோயில்லாத நெஞ்சு, மேலே தாலி, ஒரே ஒரு படம் போதும்.

அவள் குடியிருக்கும் லேக் கார்டன்ஸ் பேட்டையின் தமிழ் மாமிகள் பரணை உருட்டிப் பழைய எக்ஸ்ரேக்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். ஷோபனா ஒவ்வொன்றாய் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள்.

ஒன்றிலும் தாலி இல்லை.

"மாமி, உங்களுதுலயும் காணுமே?"

கமலம் மாமி காபியை ஆற்றினாள். "அவா மிஷின் சரியில்லைடி."

"என்னுது புடவைத் தலைப்புல மறைஞ்சிருக்கும்" என்றாள் அனந்தலக்ஷ்மி மாமி.

ஷோபனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்போது மாடி வீட்டு சுப்புலக்ஷ்மி மாமி ஒரு கவரோடு வந்தாள். பின்னாலேயே வந்து வாசலில் நின்றார் அவள் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன். அவர் பெண்டாட்டியிடம் தணிந்து பேசி அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை.

"அசடே, அதை எதுக்குடி தூக்கிண்டு வந்தே? குடு இப்படி."

"இந்த மனுஷன் கட்டின தாலிக்கு மரியாதை ஒண்ணுதான் குறைச்சல்" என்று கமலம் மாமி ஷோபனாவின் காதைக் கடித்தாள்.

ஷோபனா படத்தைத் தூக்கிப் பிடித்தாள். நட்டநடு நெஞ்சில் பளிச்சென்று தாலி, கூடவே இரண்டு ஊக்கு. லேப்டாப்பில் ஏற்றினாள். 'கட்டி. உடனே டாக்டரைப் பார்க்கவும்.'

"தாருண், மாமி, தாருண்." சந்தோஷம் வந்தால் அவளுக்குப் 'பிரமாதம்'கூட வங்காளத்தில்தான் வரும். "நெஞ்சுல நிஜமா ஒண்ணும் இல்லையே?"

"பயம்தான், வேற ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டார்."

"நீங்க ஒருத்தர்தான் மாமி கழட்டலை."

"யார் சொன்னா? ஆபரேஷனுக்குப் போறச்சே அழுதுண்டே கழட்டினேன். நீ திரும்பி வர்ற வரைக்கும் இங்கே கிடக்கட்டும்னு ஒருத்தர் வாங்கித் தன் கழுத்துல மாட்டிண்டார். வெளியில உட்கார்ந்து பயந்து பயந்து அவருக்கே நெஞ்சைப் பிடிச்சுண்டுடுத்து. படம் எடுக்கறவன் கெஞ்சினானாம், கழட்ட மாட்டேன்னுட்டாராம்."

மாமி வாசலைக் காட்டினாள்.

"இது என் நெஞ்சு இல்லைடி. அதோ நின்னு கத்திண்டிருக்கே, அந்த நெஞ்சு."