ஏழு நாள், ஒரே மைதானம்

"மால்டாவா? நாடு முழுக்கத் தேடினாலும் அங்க ஒரே ஒரு கோல்ஃப் மைதானம்தானேடீ இருக்கு!"

நோரீன் போட்ட சத்தத்தில், மூலை மேஜையில் சூப் குடித்துக்கொண்டிருந்த பாதிரியாரே திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு போதாதா? ஒரு நேரத்துல ஒண்ணுலதானே ஆட முடியும்?" என்றாள் ஃபிடெல்மா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.

வெளியே அவர்கள் ஊரான கிளேரின் கடற்கரை மழை ஜன்னலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஆட முடியாத ஒரு பிப்ரவரி நாளில்தான் மூன்று தோழிகளும் தங்கள் கோல்ஃப் கிளப்பில் உட்கார்ந்து, செப்டம்பர் மாத கோல்ஃப் பயணத்தைத் திட்டமிடுவார்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம். மூவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. வாய்க்கு மட்டும் இன்னும் இருபதுதான்.

நோரீன் தன் கையிலிருந்த தாளைத் தட்டினாள். "போர்ச்சுகல். ஏழு நாள், ஏழு மைதானம். காலையில வண்டியே வந்து கூட்டிட்டுப் போகும். சாயங்காலம் சுட்ட மத்தி மீன். நீ சொல்லுடீ பெர்னி."

பெர்னி தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன். எனக்கு முழங்கால் சரியில்லை."

"முழங்காலா? போன வாரம் நீதானேடீ எங்க ரெண்டு பேரையும் ஊதித் தள்ளின!"

"அது நம்ம மைதானம்."

"மால்டான்னா வருவியா?" என்று கேட்டாள் ஃபிடெல்மா.

பெர்னி கொஞ்சம் யோசித்தாள். "ஏழு நாளும் ஒரே இடம்னா... சமாளிச்சுடலாம்."

அப்போது மேஜைமேல் கிடந்த ஃபிடெல்மாவின் போன் அடித்தது. திரையில் 'சல்வு, மால்டா' என்று ஒரு பெயர். ஃபிடெல்மா சட்டென்று அதைப் பறித்தாள். முகம் காது வரை சிவந்துவிட்டது. "இதோ வந்துடறேன்" என்று வாசல் பக்கம் ஓடினாள்.

நோரீன் மேஜையைத் தட்டினாள். "ஆள்! மால்டாவுல ஆள் பிடிச்சு வச்சிருக்காடீ! இவ காதலிக்க, நாம கூடவே போய் தினமும் அதே பதினெட்டுக் குழியைச் சுத்தணுமாம்."

"சும்மா இருடீ. புருஷன் போய் ஆறு வருஷமாச்சு. அவளுக்கும் ஒரு துணை..."

"வேண்டாம்னு யார் சொன்னா? நம்மகிட்டயே மறைக்கிறாளே, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. இரு, கையும் களவுமா பிடிக்கிறேன்."

மட்டைப் பைகள் சாத்தியிருந்த நடையில், ஃபிடெல்மா முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தாள். நோரீன் ஓசைப்படாமல் போய்ப் பின்னால் நின்றாள்.

"ஆமா சல்வு, உங்க மைதானத்துப் பதினெட்டுக் குழியையும் பத்தி வேணும். பேசியே பதிவு பண்ணி அனுப்புங்க. எத்தனை கஜம், எந்தப் பக்கம் மரம், மணல் பள்ளம் எங்க, எல்லாம். இல்லை, படம் வேண்டாம். படம் அவளுக்கு உதவாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் திடுக்கிட்டாள்.

"யாருக்குடீ உதவாது?" என்றாள் நோரீன்.

ஃபிடெல்மா குரலைத் தாழ்த்தினாள். "பெர்னிக்கு. அவளுக்குக் கண்ணு போயிட்டு இருக்குடீ."

"என்ன உளர்றே? போன வாரம் ஜெயிச்சாளே!"

"இங்க அவ கண்ணால ஆடலை. முப்பது வருஷ மனப்பாடத்துல ஆடறா. நேத்து கடைத்தெருவுல அவ எதிர்லயே போய் நின்னேன். நான் வாயைத் திறந்த பிறகுதான் யாருன்னு தெரிஞ்சது அவளுக்கு."

"உன்கிட்ட சொன்னாளா?"

"யார்கிட்டயும் சொல்லலை. அவளா சொல்ற வரைக்கும் நானும் கேக்கப் போறதில்லை. தினம் ஒரு புது மைதானம்னா வீட்லயே உக்காந்துடுவா. ஒரே மைதானம்னா, இந்தப் பதிவை மூணு பேரும் கேட்டுட்டு வரணும்னு ஒரு சட்டம் போட்டுடலாம். செப்டம்பருக்குள்ள மனப்பாடம் பண்ணிடுவா. அப்புறம் மூணாம் நாள் நம்மளை ஓட ஓட விரட்டுவா பாரு. அடுத்த வருஷம் எப்படியோ, யார் கண்டா?"

நோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அப்ப முகம் ஏன்டீ அப்படிச் சிவந்துச்சு?"

"பயத்துல! உன் வாயில விழுந்தா ஊரே தெரிஞ்சுக்குமே!"

"சரி, பேசாம என் பின்னாடி வா."

உள்ளே பெர்னி ஆவலாகக் காத்திருந்தாள். "என்னடீ ஆச்சு?"

"ஆளேதான்!" என்றாள் நோரீன், பாதிரியாருக்கும் கேட்கிற குரலில். "எழுபது வயசு. பெண்டாட்டி கிடையாது. மீசை இவ்வளவு பெருசாம். இவ போன்ல குழைஞ்சதை நீ கேட்டிருக்கணும்!"

ஃபிடெல்மா மறுத்துப் பேச வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் நோரீன் அவள் காலை ஓங்கி மிதித்தாள். ஃபிடெல்மா வாயை மூடிக்கொண்டாள்.

நோரீன் போர்ச்சுகல் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். "எப்படியோ போகட்டும். மால்டாவுக்கே போவோம்."

ஃபிடெல்மா இன்னொரு தேநீர் வாங்கப் போனதும், பெர்னி நோரீனின் கையைத் தேடிப் பிடித்தாள். காதருகே குனிந்து, ரகசியமாகச் சொன்னாள்.

"அவமேல கோவிச்சுக்காதேடீ. சில விஷயமெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வராது. கூட இருக்கிற நாமதான் தெரியாத மாதிரி விட்டுக்கொடுக்கணும்."