மாடிப் போர்ஷன்

“ஏன் சார், ஒருத்தரை எந்த ஊருன்னு கேட்டாக்கூட இப்பல்லாம் உள்ளே தள்ளிடறாங்களாமே?”

செங்கம் ரோட்டில் சொந்த வீடு வைத்திருந்த இராமலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பார்க்க வந்த பரசுராமன், கோர்ட்டில் டைப்பிஸ்ட் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

“கேக்கறது குத்தம் இல்லீங்க. கேட்டுட்டு, ஜாதிக்காக வீடு இல்லைன்னு சொன்னாத்தான் குத்தம். எழுபத்தாறுல சட்டத்தைக் கடுமையாக்கிட்டாங்க. கம்மியா வெச்சாலும் ஒரு மாசம் ஜெயில்.”

“ஒரு மாசமா! அடி அண்ணாமலையில என் சகலை, போன மாசம் ஒரு வாத்தியாருக்கு வீடு இல்லைன்னுட்டான். மறுநாளே ஜீப் வந்து நிக்குது. நான் யாரையும் கம்மியா நெனைக்கிறவன் இல்ல சார். வீட்டுல பூஜை ரூம் இருக்குது, அவ்ளோதான்.”

“புரியுதுங்க.”

“இதே மாடியில மூணு வருஷம், ஆசிரமத்துக்கு வந்த ஒரு ஜெர்மன்காரன் இருந்தான். ஒரு கேள்வி கேட்டிருப்பேனா?”

“மாட்டுக்கறி சாப்பிடுவாரோ?”

“அது அவங்க நாட்டுப் பழக்கம் சார். அதைப் போய்த் தப்பு சொல்லலாமா?” என்றார் இராமலிங்கம், பரந்த மனதோடு.

பரசுராமன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் வீடு அவசரம். ஜூன் பிறந்தால் பெண்ணை டவுன் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

“ஜாதியைக் கேக்காமலே தெரிஞ்சுக்கலாமுங்க. முதல்ல ஊரைக் கேளுங்க. அப்புறம், ஊர்ல எந்தத் தெருன்னு கேளுங்க.”

“அட!”

“மழுப்பினா, ‘அம்மன் தேர் உங்க வீட்டு வாசலுக்கு வருமா’ன்னு பக்தியா கேளுங்க. பக்திக்குச் சட்டத்துல தடை இல்ல.”

இராமலிங்கம் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

“படிச்ச ஆளா இருந்தா, எந்த ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சீங்கன்னு கேளுங்க. முக்கால்வாசிப் பேர் அங்கேயே மாட்டிக்குவாங்க. அதையும் தாண்டினா, சம்சாரம் எந்த ஊருன்னு கேளுங்க. அந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச பெரிய மனுஷர் பேரைச் சொல்லி, அவருக்கு இவங்க என்ன உறவுன்னு விசாரிங்க.”

“மெதுவா சொல்லுங்க சார்... உறவு... சரி. இப்படியெல்லாம் கேட்டுப் பிடிச்சுட்டா, அப்புறம் என்ன சொல்லி அனுப்பறது?”

“மாடி ஒழுகுது, ரிப்பேர்னு சொல்லிடுங்க. ரிப்பேருக்கு ஜெயில் கிடையாது.”

இராமலிங்கம் தொடையில் தட்டிச் சிரித்தார். ஒரு மாதமாக இல்லாத தெம்பு அவர் முகத்தில் வந்திருந்தது.

“வேதா! சாருக்கு மோர் கொண்டா. வெள்ளி டம்ளர்ல கொண்டா!”

பரசுராமன் மோரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்ததை இராமலிங்கம் கவனித்துத் திருப்தியடைந்தார்.

“சட்டம் தெரிஞ்சவங்க ஜாஸ்தி பேர் இருக்காங்க சார். நம்மளவங்க கஷ்டம் தெரிஞ்சவங்க எத்தனை பேரு? இந்தாங்க சாவி. வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சிடுங்க.”

“என்னைப் பத்தி நீங்க ஒண்ணுமே...”

“நல்லா இருக்குது! வாத்தியாருக்கே பரீட்சை வெக்கிறதா? போங்க சார்.”

சாயங்காலம், கீழ்பென்னாத்தூர் காலனியில், பரசுராமனின் மனைவி சரசு சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்ப முடியவில்லை.

“நெசமாவே கொடுத்துட்டாங்களா? ஒரு கேள்விகூடவா கேக்கல?”

“எங்க கேக்க விட்டேன்? இதுக்கு முன்னாடி ஒன்பது வீட்டுல என்னைக் கேட்டதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே நேரம் சரியாப் போச்சு.”