தொட்டில் காலில் வெள்ளைத்தூள்

விவசாயக் கந்தோர் முற்றத்தில் இறக்கி வைத்த தொட்டிலை உத்தியோகத்தர் பேனாவால் தட்டினார்.

காலில் இருந்த ஓட்டைகளிலிருந்து வெள்ளைத்தூள் உதிர்ந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

“உயிர்ப் புழு. மலாயாச் சுங்கத்திலை இதை இறக்க விடமாட்டினம். கப்பலிலை ஏத்த நான் அனுமதித் துண்டு தரேலாது.”

பத்மாசனி அடக்கி வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டாள்.

ஓட்டைகள் பழையவை. புழு எந்தக் காலத்திலோ போய்விட்டது. நேற்றுப் பின்னேரம், ஏழு மாத வயிற்றோடு நிலத்தில் சரிந்து படுத்து, ஈர்க்கு நுனியால் அரிசிமாவை உள்ளே தள்ளியவள் அவள்தான்.

தொட்டில் அவளுடைய மச்சாள் இரஞ்சிதத்தினது. இரஞ்சிதத்தின் தாய் கொடுத்தது. மலாயாவில் இருக்கும் புருஷனிடம் போகிறவள், தொட்டிலையும் கொண்டுதான் கப்பலேறுவேன் என்று நின்றாள்.

பத்மாசனியின் முதல் இரண்டு பிள்ளைகளும் சீலை ஏணையில் கிடந்தே போய்விட்டன. இந்தத் தொட்டிலில் கிடந்த பிள்ளை ஒன்றும் சாகவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அதனால் தொட்டிலைத் தனக்குக் கேட்டாள். கேட்ட விதம்தான் பிழையாய்ப் போனது.

“பிள்ளையில்லாத வீட்டுக்குத் தொட்டில் என்னத்துக்கு மச்சாள், விறகுக்கோ?”

கிணற்றடியில், நாலு பெண்கள் முன்னால்.

அதன் பிறகு இரஞ்சிதம் அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இன்று வண்டியிலும், நடுவில் தொட்டில் இருக்க, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள்.

“திருப்பி வீட்டை கொண்டு போங்கோ. இல்லாட்டி இஞ்சையே எரிச்சு விடுவம்,” என்றார் உத்தியோகத்தர். “உங்கட விருப்பம்.”

பத்மாசனி வண்டிக்காரனைக் கூப்பிடத் திரும்பினாள்.

“எரிப்பம் ஐயா,” என்றாள் இரஞ்சிதம். “புழு வைச்சதிலை பச்சைப் பிள்ளையைக் கிடத்தேலுமே?”

பியோன் மண்ணெண்ணெய் எடுக்கப் போனான்.

அரிசிமா என்று ஒரு சொல் சொன்னால் தொட்டில் பிழைத்துவிடும். பிழைத்துக் கப்பலேறிவிடும். பத்மாசனி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

எரியட்டும்.

இரஞ்சிதம் பியோனிடம் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு குந்தினாள். அவனை எண்ணெய் ஊற்றவும் விடவில்லை. கொஞ்சம் பொறு என்று கை காட்டினாள்.

தொட்டில் காலில் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இறங்குகிற ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைப் பொட்டு.

மரத்தூளை எறும்பு தூக்காது.

இரஞ்சிதம் ஊதி ஊதி அவற்றை நிலத்தில் இறக்கினாள். கடைசி எறும்பு இறங்கும்வரை பார்த்திருந்தாள்.

“வண்டியிலை வரேக்கையே ஊர்ந்ததுகள், மச்சாள்,” என்றாள், திரும்பாமல்.

பிறகு எண்ணெயை ஊற்றச் சொன்னாள்.