அந்த இலை மட்டும் வேண்டாம்

தையல்சிட்டு ஒன்று தோட்டத்தில் மூன்று இலைகளைப் பாதி பாதியாகத் தைத்து வைத்திருந்தது. கொய்யா இலையில் காலை வெயில் இதமாக விழும். பாதாம் இலையில் இரண்டு கூடு கட்டலாம், அவ்வளவு அகலம். அத்தி இலையோ வெறும் சொரசொரப்பு, தையலும் கோணல்மாணல்.

வயிற்றில் முட்டை கனத்துக்கொண்டே வந்தது. எதை முடிப்பது என்றுதான் சிட்டுக்குத் தெரியவில்லை. ஒன்றின் பக்கம் போனால் இன்னொன்று அழகாகத் தெரிந்தது. யோசித்தபடியே கண்கள் செருகின. மூன்று இலைகளும் பச்சைப் படகுகளாகி வானத்தில் மிதந்து போவதுபோல இருந்தது.

"அக்கா, தூங்குறீங்களா?"

சிட்டு விழித்தது. பக்கத்தில் ஒரு சிலந்தி நின்றிருந்தது.

"காத்துல என் வலை பிஞ்சு போச்சு. ஒரு இலை குடுத்தீங்கன்னா ஒதுங்கிக்குவேன்."

"மூணு இருக்கே, பிடிச்சதை எடுத்துக்கோ."

"நல்லதெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும்" என்று சிலந்தி அத்தி இலையில் காலை வைத்தது.

"ஐயோ, அது வேண்டாம்!"

கத்தியது தான்தானா என்று சிட்டுக்கே திகைப்பாக இருந்தது. சிலந்தி கொய்யா இலைக்கு நகர்ந்தது. சிட்டு சரியென்று தலையாட்டியது.

"அந்த அத்தி இலையில அப்படி என்னக்கா இருக்கு?"

"தெரியலையே. நீ கால் வெச்சதும் பதறிடுச்சு."

சிலந்தி சிரித்துக்கொண்டே கொஞ்சம் நூல் இழுத்துக் கொடுத்தது. சிட்டு அதை அலகில் வாங்கிக்கொண்டு அத்தி இலைக்குப் பறந்தது. கோணல் தையலைப் பிரிக்கவில்லை. அது நின்றுபோன இடத்திலிருந்தே அடுத்த துளையைக் குத்தியது.

மறுநாள் அந்த மடிப்புக்குள், புள்ளி போட்ட சின்ன முட்டை ஒன்று இலையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.