ஏழாம் மாச வளையல்

"வளையலக் கழட்டு!"

பிரஸ் மெஷின் போடற டமார் டமார் சத்தத்தையும் மீறி சூப்பர்வைசர் சுதா கத்தினது, மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜோதிகா மெரண்டு போயிட்டா. நேத்து ஞாயித்துக்கெழமதான் சேக்காட்டுல அவளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கினதுல நானும் ஒருத்தி. ரெண்டு கையிலயும் பச்சையும் செவப்புமா கண்ணாடி வளையல். அதோட வயித்தைத் தூக்கிகினு காலைல மொத ஆளா ஷிப்டுக்கு வந்து நிக்கிறா.

"புள்ள பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்கக்கா..."

"மெஷின்ல மாட்டிகினா கையே போயிடும். உனக்குன்னு தனி ரூல்சா?"

"வேணும்னா மேல துணி சுத்திக்கிறேன்க்கா. வளையல் ஆடவே ஆடாது."

அவ்ளோதான். சுதாவுக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு.

"ஒண்ணும் வாணாம். லைன உட்டு எறங்கு. இன்னிலேர்ந்து பின்னாடி ஸ்டோர்ல குந்தி வாஷர் பிரி. போ!"

எங்க கம்பெனியில ஸ்டோருக்கு அனுப்பினா அடுத்தது கேட்டுக்கு வெளியதான். போன வருசம் ரெண்டு பேரு இப்பிடித்தான் போனாங்க. ஜோதிகா ஊட்டுக்காரன் கிஷோருக்கு இப்ப வேலை கெடயாது. இவ வேலையும் போச்சுன்னா பொறக்கப் போற புள்ளைய வச்சுகினு இன்னா பண்ணுவாங்க?

கண்ணத் தொடச்சிகினே போனா. கையில வளையல் குலுங்கறது தெரிஞ்சுது. மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

நான் சும்மா இருப்பனா? இந்தத் தாயம்மா வாயப் பத்தி கம்பெனிக்கே தெரியும்.

"இன்னா சுதா, நீயும் புள்ள பெத்தவதான? மாசமா இருக்கறவள அழ வுடறியே, அந்தப் பாவம் சும்மா வுடுமா?"

"உன் மெஷினப் பாருக்கா."

சொல்லிட்டு நேரா மொதலாளி ரூமுக்குப் போனா. கையை ஆட்டி ஆட்டி அவருகிட்ட எதையோ பேசினது கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது.

"ஜோதிகாவுக்கு சீட்டு கிழிஞ்சுதுடி," ன்னா பக்கத்து மெஷின் பொன்னியம்மா.

புள்ள பெத்தவளாம், பெரிய புள்ள பெத்தவ! ஆயுத பூஜைக்கு நாங்கள்லாம் புள்ளைங்களுக்குப் புதுத்துணி போட்டுக் கூட்டியாருவோம். பொரி, சுண்டல்னு கம்பெனியே கலகலன்னு இருக்கும். இவ மட்டும் ஒத்தையில வருவா. ஆறு வயசுப் பையனாம், ஒரு நாள் கண்ணுல காட்டினதில்ல. பெத்த புள்ளையக் கூட்டியாறதுக்கே வலிக்குது. அடுத்தவ புள்ள மேலயா இவளுக்கு அக்கறை வரப் போவுது?

சாப்பாட்டு பெல் அடிச்சதும் டிபன் டப்பாவத் தூக்கிகினு ஸ்டோருக்குப் போனேன். அழுதுகினு இருப்பா, ரெண்டு வாய் ஊட்டிட்டு வரலாம்னுதான்.

கதவத் தொறந்தா, உள்ள சுதா!

அட்டப்பெட்டி மேல குந்திகினு, ஜோதிகா கையப் புடிச்சு, மஞ்ச வளையல் போட்டு வுட்டுகினு இருந்தா. நேத்து வளைகாப்புக்கு எட்டிக் கூடப் பாக்காதவ.

"மொதலாளிகிட்ட சண்ட போட்டுட்டு வந்துட்டேன். பிரசவம் வரைக்கும் உனக்கு இங்கதான் வேலை. புள்ள பெத்துட்டுத் திரும்பி வந்தா உன் மெஷின் உனக்குத்தான். ஒருத்தரும் உன்னைய அனுப்ப மாட்டாங்க."

ஜோதிகாவுக்கு ஒண்ணும் புரியல. எனக்கும்தான்.

"அந்தக் கதவச் சாத்துக்கா," ன்னா சுதா.

சாத்தினேன். பிரஸ் சத்தம் எங்கியோ தூரத்துக்குப் போயிடுச்சு. சுதா, ஜோதிகா கைய வயித்துகிட்ட கொண்டு போயி மெதுவா ஆட்டினா. வளையல் கலகலன்னுது.

"ஐயோ, உதைக்குதுக்கா!" ஜோதிகா அழுத கண்ணோட சிரிச்சுட்டா.

"கேக்குது பாரு உம் புள்ளைக்கு. எதுக்குடி ஏழாம் மாசத்துல வளையல் அடுக்கறாங்க? உள்ள கீற புள்ள கேக்கத்தான். அந்த டமார் டமார்ல வளையல் எங்கேந்து கேக்கும்? இருக்கற காதும் போயிடும்."

சுதா இவ்ளோ மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல. இருந்தாலும் எனக்குக் கோவம் ஆறல.

"இத அங்கியே சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்ப?"

"சொன்னா கேப்பாளாக்கா? வேலை போயிடுமேன்னு பயந்து, இன்னும் கொஞ்ச நாளு, இன்னும் கொஞ்ச நாளுன்னு அங்கியே நிப்பா. மெஷின உட்டு எறங்குன்னு எனக்கும்தான் சொன்னாங்க, கேட்டனா?"

ஜோதிகா வளையல இன்னொரு தடவ ஆட்டிப் பாத்தா. சுதா அதையே பாத்துகினு சொன்னா.

"நானும் துணி சுத்திகினு அதே மெஷின்லதான்க்கா நின்னேன். எம் பையன் இன்னிவரைக்கும் நான் கூப்ட்டு ஒரு தடவ கூட திரும்பினதில்ல."