தண்ணி பத்தல

கீழே தன் சமையலறைக் கூரையில் ஈரம் கசிகிறதே என்று கேட்கத்தான் சுடர்மணி மாடி ஏறினாள். அங்கே வாடகைக்கு இருந்த தீபன் கதவைப் பாதி திறந்து நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, "நீங்க விவசாய ஆபீசரா இருந்தவங்கதானே ஆன்ட்டி, கொஞ்சம் உள்ள வாங்க" என்று படுக்கையறைக்கு அழைத்துப் போனான்.

ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தான். ஊதா விளக்கின் கீழே பிளாஸ்டிக் கோப்பைகளில் நாற்றுகள் துவண்டு கிடந்தன. சுடர்மணி குனிந்து ஒரு கோப்பையின் மண்ணைத் தொட்டாள். சேறாக இருந்தது. தண்டு அடியில் நூலாக இளைத்து அழுகியிருந்தது. ஒரு வாரம் காயவிட்டு, மின்விசிறி ஒன்றை வைத்தால் பாதியாவது தேறிவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தவள், நிமிர்ந்து நின்ற ஒரே ஒரு நாற்றின் இலையைப் பார்த்தாள். ரம்பப் பல்லாக விளிம்பு. முப்பது வருஷ வேலையில் ஒரே ஒரு தடவை, மலையில் போலீசார் பிடுங்கிப் போட்ட குவியலில் பார்த்த கஞ்சா இலை. இந்த வீடோ அவள் பெயரில் இருக்கிறது.

பின்னால் தீபன் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.

"எதனால ஆன்ட்டி சாயுது?"

"தண்ணி பத்தல" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "நிறைய ஊத்துப்பா."

தீபன் அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். மூலையிலிருந்த வாளியில் ஒரு குவளை மொண்டு நீட்டினான்.

"நீங்களே ஊத்துங்க ஆன்ட்டி. நான் பாக்கறேன்."

சுடர்மணி குவளையை வாங்கி, நிமிர்ந்து நின்ற நாற்றிலிருந்து ஆரம்பித்தாள்.