ஈயம் வைக்காத பாவாடை

அஞ்சலீனாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஊசி குத்திய விரலை வாயில் வைத்தபடி, தொட்டியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தாள்.

சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் ஒரு பழைய பண்டகசாலையைப் படப்பிடிப்புக்கென எடுத்து, நடுவில் தொட்டி கட்டி, மணல் கொட்டிக் கடற்கரை ஆக்கியிருந்தார்கள். வெளியே பனி கொட்டியது.

எடுக்கும் படம் நூறு வருடத்துக்கு முந்திய கதை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கடலில் குளிக்கப் போட்ட உடுப்பைத் தைத்தவள் அஞ்சலீனா. கருநீலக் கம்பளித் துணி. மாலுமிக் கழுத்துப்பட்டி, வெள்ளை நாடா, முழங்கால்வரை காற்சட்டை, அதற்கு மேல் பாவாடை வேறு. குளிக்கப் போனார்களா, குளிருக்குப் போர்த்திக்கொண்டு போனார்களா என்று கேட்கத் தோன்றும். நனைந்தால் தண்ணீரை மாடு மாதிரிக் குடிக்கும்.

அதுவும் போதாதென்று, பாவாடை விளிம்பை மடித்து, உள்ளே ஈயத் துண்டுகள் வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தாள் உடைகளுக்குப் பொறுப்பான சொலாஞ். தண்ணீரில் பாவாடை மேலே எழும்பக் கூடாதாம். அந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான் மானம் காத்தார்களாம். ஏதாவது பிசகினால் இனி வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள்.

ஈயத் துண்டுகள் அஞ்சலீனாவின் கோட்டுப் பைக்குள் கிடந்தன. நடக்க நடக்கத் தொடையில் இடித்தன.

அந்த உடுப்பைப் போட்டு நடிக்க வந்த சிறுமி தொட்டிக்குள் இறங்கினாள். முன்பல் விழுந்த வாயால் சிரித்துக்கொண்டே தண்ணீரில் குந்தினாள்.

பாவாடை குடை மாதிரி விரிந்து மேலே வந்தது.

உடன் தைக்கும் றொஷினி பதறிப்போய் அஞ்சலீனாவின் கையைப் பிடித்தாள். "அன்ரி, நீங்கள் ஈயம் வைக்கேல்லையோ? முழங்கால் அளவு தண்ணிதானே, அதுக்கு என்ன பயம்?"

படப்பிடிப்பு நின்றுவிட்டது. சொலாஞ் முகம் சிவக்க இவளைத் தேடி வந்துகொண்டிருந்தாள். அஞ்சலீனா பைக்குள் கிடந்த ஈயத்தைப் பொத்திப் பிடித்தாள். இந்த வேலையும் போனால் எங்கே போய் ஊசி பிடிப்பது? ஆனாலும் சிறுமி மேலே ஏறி, யாரோ துவாயால் போர்த்திய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

முழங்கால் அளவுதான்.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து இவளுடைய குடும்பத்தை ஏற்றி வந்த படகுக்காரனும், விடியும் நேரம் மணல்திட்டில் இறக்கிவிட்டபோது அதைத்தான் சொன்னான். கொஞ்சம் நடந்தால் இந்தியாக் கரை என்றான். இடையில் பள்ளம் இருந்ததைச் சொல்லவில்லை.

அம்மா முன்னால் நடந்தாள். அஞ்சலீனா பின்னால். நடுவில் தங்கச்சி, இருந்த சட்டைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு.

கடற்படை மறித்துச் சோதித்தாலும் சின்னப் பிள்ளையைத் தொடமாட்டார்கள் என்று, வீட்டில் இருந்த நகை முழுவதையும் அம்மா அவளுடைய பாவாடை விளிம்பில்தான் வைத்துத் தைத்திருந்தாள்.